ரத்குரோகன்: சொல்லக் கேட்டுப் பார்க்க வேண்டிய நிலம்

அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்திலுள்ள டல்ஸ்க் சிற்றூருக்குச் செல்வோர், அங்குள்ள ரத்குரோகன் பார்வையாளர் மையத்தின் வழிகாட்டியோடுதான் வயல்வெளியில் இறங்க வேண்டும் என்பேன். பண்டைய கொனாக்ட் அரசின் தலைமையிடமாகக் கருதப்படும் இப்பகுதியில், சுமார் 6 சதுர கிலோமீட்டருக்குள் 240-க்கும் மேற்பட்ட தொல்லியல் சின்னங்கள் இருந்தாலும், பெரும்பாலானவை வெறும் கண்ணுக்குப் புல் மூடிய மேடுபள்ளங்களாகவே தெரிகின்றன.

இவற்றுள் முதன்மையான ரத்குரோகன் பெருமேடும் அப்படித்தான். ஏறத்தாழ 90 மீட்டர் விட்டமுள்ள அதன் உச்சியில் நிற்கவைத்துத்தான் வழிகாட்டி கதையைத் தொடங்கினார். பழங்கதைகளில் கொனாக்டை ஆண்ட மேவ் அரசியும் அவர் கணவர் அலிலும் படுக்கையில் இருந்தபடியே சொத்துக் கணக்குப் பார்க்க, வெண்கொம்புக் காளை ஒன்றினால் மட்டும் கணவரின் கை ஓங்கிவிட, அதற்கு ஈடாக வடக்கிலிருந்த அல்ஸ்டர் அரசின் பழுப்புக் காளையைக் கவர்ந்துவர அரசி படை திரட்டினாராம். மேட்டைச் சுற்றி 360 மீட்டர் விட்டமுள்ள வட்ட அரண் ஒன்று புதைந்திருப்பதைத் தோண்டாமலே கருவிகளால் கண்டறிந்திருப்பதையும் அவர் விளக்கினார். எது ஏட்டுக் கதை, எது ஊரார் வழக்கு, எது ஆய்வு முடிவு என்று ஒவ்வொன்றையும் அவர் பிரித்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்தச் சுற்றின் உயிர்நாடி, பூனைக் குகை எனப் பொருள்படும் ஊவேனகாட். முட்புதரடியில் ஓர் ஆள் குனிந்து நுழையுமளவே வாயில். கல்லடுக்கிக் கட்டிய குறுவழியைத் தவழ்ந்து கடந்தால், இயற்கையான சுண்ணாம்புக்கல் பிளவு உயர்ந்து விரிகிறது. நுழைவில் தலைக்குமேல் கிடக்கும் கல்லின் விளிம்பில் வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும், அதுவரை கீறல்களாகத் தெரிந்தவை நிழலோடு எழுந்து ஓகம் எனும் பண்டைய அயர்லாந்து எழுத்துகளாயின. ‘மேவின் மகன் ஃபிராயக்’ என்று அவற்றைப் படிக்கிறார்கள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, குளிர்காலத் தொடக்க விழாவான ‘சாவின்’ (Samhain) இரவில் மறுவுலகின் உயிர்கள் இவ்வழியே வெளிவருமென்ற நம்பிக்கையை அவர் சொல்லி முடிக்கும்வரை, நீர் சொட்டும் ஒலியைத் தவிர வேறெதுவும் இல்லை. கன்றைப் பிடித்தபடி இக்குகைக்குள் இழுபட்டுச் சென்ற பெண்ணொருத்தி, ஸ்லைகோ மாவட்டத்தின் கெஷ்கோரன் குகை வழியே வெளிவந்தாள் என்ற ஊர்க்கதையை அந்த இருளில் நினைத்துப் பார்த்தால், அவள்மேல் இரக்கமே பிறக்கிறது.

முழங்கால் வலி உள்ளவர்கள் குகையைத் தவிர்த்து மேடுகளை மட்டும் பார்க்கலாம். மற்றவர்கள் நீண்ட ரப்பர் காலணியும் மாற்றுடையும் கொண்டுசெல்லுங்கள். களிமண் இடுப்புவரை ஒட்டும்.