ஒலிம்பிக் விட்டுச்சென்ற நீச்சல் குளம்

ஈஸ்ட் ஹாமிலிருந்து வாரந்தோறும் மகளை நீச்சல் வகுப்புக்காக ஸ்ட்ராட்ஃபர்டில் உள்ள லண்டன் அக்வாட்டிக்ஸ் சென்டருக்கு அழைத்துச் செல்கிறேன். 2012 ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தமது 19ஆவது ஒலிம்பிக் பதக்கத்தை வென்று, அதிகப் பதக்கங்களுக்கான சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லரிசா லத்தினினாவின் நீண்டகாலச் சாதனையைக் கடந்த இடம் இது. 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, கட்டணம் அக்கம்பக்கத்துப் பொதுக் குளங்களுக்கு ஒப்பாகவே வைக்கப்பட்டது.

50 மீட்டர் நீளத்தில் இரண்டு குளங்களும், டைவிங்கிற்குத் தனிக் குளமும் உள்ளன. தரையை உயர்த்தி ஆழத்தைக் குறைக்க வசதி இருப்பதால், தண்ணீரைக் கண்டாலே மிரண்ட என் மகளால் முதல் நாளே கால் ஊன்றி நிற்க முடிந்தது. ஸாஹா ஹதீத் வடிவமைத்த அலை போன்ற கூரையின் கீழ், போட்டிக்காக இருபுறமும் தற்காலிகமாகச் சேர்த்த இருக்கைகளை அகற்றிவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 17,500 பேர் அமர்ந்த இடம் 2,500 இருக்கைகளாகச் சுருங்கியதில் பகல் வெளிச்சம் நீர்வரை வந்து விழுகிறது. கட்டுமானச் செலவு 26.9 கோடி பவுண்டு, அதாவது முதல் மதிப்பீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் போட்டி முடிந்த பிறகு யார் பயன்படுத்துவார்கள் என்பதை வரைபடத்திலேயே முடிவுசெய்ததால்தான் இது இன்றும் பயன்படுகிறது என்று கருதுகிறேன்.

அருகிலுள்ள ஒலிம்பிக் மைதானத்துக்கு அந்தத் தெளிவு இருக்கவில்லை. 25,000 இருக்கைகளுள்ள தடகள அரங்காகக் குறைப்பதாக இருந்த திட்டம் கைவிடப்பட்டு, கால்பந்துக்காக அதை மாற்றியமைக்க 32.3 கோடி பவுண்டு செலவானது. அங்கே குடியேறிய வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் ஆண்டு வாடகையோ தொடக்கத்தில் 25 லட்சம் பவுண்டு. மீதிச் சுமையின் பெரும்பகுதி வரிப்பணத்தின் மீதே விழுந்தது.

இவை அமைந்துள்ள ஒலிம்பிக் பூங்காவுக்காக கிளேஸ் லேன் குடியிருப்பிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். வீடு இழந்த அவர்களிடம் இந்தப் போட்டியால் வட்டாரத்துக்கு நன்மை கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் நியூஹாம் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தேடும் பெற்றோருக்கு இக்குளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பாமல், டைவிங் குளத்தில் இளையோர் பயிற்சி பெறுவதைச் சற்று நேரம் பார்க்கவிடுங்கள். என் மகள் தானாகவே ஆழமான பகுதிக்குப் போகக் கேட்டது அப்படியொரு மாலையில்தான்.