அப்பாவின் உயிலில் முளைத்த தென்னந்தோப்பு

அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்ததே இல்லை. மதுரையில் மில் வேலை பார்த்துக் கட்டிய இரண்டே கால் சென்ட் வீடும், வங்கியில் ஆறு லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும்தான் அவர் சொத்து. அவர் இறந்தபின் உயிலைப் பிரித்தால், மூன்றாம் பக்கத்தில் 'மேற்படி தென்னந்தோப்பும் அதிலுள்ள கிணறும் மின்மோட்டாரும்' என்று இருக்கிறது. வேறு யாருக்கோ எழுதிய உயிலில் பெயரை மாற்றி அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதியவர், பதிவு அலுவலகத்துக்கு எதிரே கணினி வைத்திருந்த ஒரு தரகர். ஆவண எழுத்தர் உரிமம் உண்டா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. 18,000 ரூபாய் வாங்கினார். முத்திரைத்தாளுக்கே பாதி போய்விடும் என்றார். உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் "பதிவாகிவிட்டால் கடவுளே வந்தாலும் அசைக்க முடியாது ஐயா" என்று அப்பாவிடம் சொன்னாரே, அது பச்சைப் பொய்.

சாட்சிக்கு யாரை அழைத்து வரட்டும் என்று கேட்டேன். "நம் ஆட்களே இருக்கிறார்கள் அம்மா, நீங்கள் அலைய வேண்டாம்." டீக்கடை பெஞ்சிலிருந்து இருவர் எழுந்து வந்தார்கள், கையெழுத்திட்டார்கள், ஆளுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மறுபடி பெஞ்சுக்கே போனார்கள்.

வீடு அம்மாவுக்கு என்பது அப்பாவின் விருப்பம். பார்வை மங்கியவர் படிக்காமலே கையெழுத்திட்டார் என்று அண்ணன் வழக்காடுகிறான். அதற்கு ஆதாரமாக அவனுக்கு அந்தத் தென்னந்தோப்பே போதும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். வழக்கென்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். எங்கள் சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவருக்கு உயிலில் உள்ள முகவரி, தரகரின் கடை முகவரி! அந்தக் கடையில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். ஆள் அகப்படாவிட்டால் அவர் கையெழுத்தையாவது அடையாளம் காட்ட வேண்டுமாம். டீக்கடை பெஞ்சுக்காரரின் கையெழுத்தை நான் எங்கே போய்க் கேட்பேன்?

உயில் நிற்காவிட்டால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அம்மா, அண்ணன், நான் என மூன்று பங்குதான் என்று நினைத்திருந்தேன். வழக்கறிஞர், "உங்கள் அப்பாவின் தாயார் இருக்கிறார்களா?" என்றார். மகனைப் பறிகொடுத்துவிட்டு ஊரில் இருக்கும் அப்பத்தாவும் முதல் வகுப்பு வாரிசு. ஆக நான்கு பங்கு. பதினாறாம் நாளுக்குக்கூட எட்டிப் பார்க்காத சித்தப்பா, இப்போது வாரந்தவறாமல் அப்பத்தாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறார்.

வைப்புத்தொகைக்கு அண்ணன்தான் நாமினி. "நாமினி போட்டாயிற்று, அதை உயிலில் எழுத வேண்டாம்" என்றவரும் இதே தரகர். வங்கி அண்ணனிடம் பணத்தைக் கொடுத்தது, அது முறைதான். ஆனால் வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவரே தவிர உரிமையாளர் அல்லர். எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு. இதை அண்ணனுக்குப் புரியவைக்க இன்னொரு வழக்கு போட வேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் அம்மா தன் நகைகளுக்கு உயில் எழுதினார். வெள்ளைத்தாள், சொந்தக் கையெழுத்து, ஒரே பக்கம். சாட்சிகள், எங்கள் தெரு மருத்துவரும் அம்மாவிடம் படித்த ஓர் ஆசிரியையும். இருவருமே அம்மாவைவிட இருபது வயது இளையவர்கள்.