ரம்மி செயலி: எட்டு மாத அனுபவம், ஒரே ஒரு நட்சத்திரம்

சீட்டுகள் கலைவதும் வரிசை சேர்வதும் கண்ணுக்கு இதமாகவே இருந்தன. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்ட ஒரு நொடி போதும் என்றிருக்க, வென்ற தொகையை வங்கிக் கணக்குக்கு மாற்றக் கேட்டால் நாள்கணக்கில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே காட்டியது. அதற்குள் கை பரபரத்து அதையும் ஆடித் தோற்றேன். மனைவி கட்டவேண்டிய ஏலச்சீட்டுப் பணம் 12,000 ரூபாயும் அப்படித்தான் போனது. (சீட்டால் சீட்டுப் போயிற்று என்று தெருவே பேசியது) அந்த மாதம் சீட்டெடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பணம் தாமதமானது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை விதித்த தமிழக அரசின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகளால் தூக்கமாவது திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்ததும் பண ஆட்டம் நின்றது. இலவச ஆட்டத்துக்கு அழைக்கும் குறுஞ்செய்திகள் மட்டும் இன்னும் வருகின்றன.