தொப்பூரில் நசுங்கிய ஹெரால்டு: சேசிஸை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

போன ஆடி மாதம் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று என் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. முன்னால் டேங்கர் நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு கார். எனக்கும் மச்சானுக்கும் பெரிய அடி இல்லை. வண்டியின் பானெட் மடிந்து, ரேடியேட்டர் ஃபேன் மேல் ஏறி, பின் டிக்கி பாதியாகிவிட்டது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸின் முன்பக்கம் இடப்புறமாக வளைந்திருந்தது.

அப்பா வாங்கிய வண்டி. அதனால் விற்றுத் தலைமுழுகுவது என்ற வழியை நான் யோசிக்கவே இல்லை. மீதி இருந்தவை இரண்டு. ஒன்று, வளைந்த சேசிஸை இழுத்து நிமிர்த்துவது. இன்னொன்று, காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பில் பல வருஷமாகக் கிடந்த இன்னொரு ஹெரால்டை வாங்கி, அதன் சேசிஸ் மேல் என் பாடியைத் தூக்கி வைப்பது.

இந்த இரண்டாவது வழி ஹெரால்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபம் என்று சொல்லிவிடுகிறேன். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த கார் இது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்தது, 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் பெரும்பாலும் பாடியும் சேசிஸும் ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, இதற்குத் தனி சேசிஸ். அதன் மேல் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு நிற்கிறது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எனவே பாடியைக் கழற்றி வேறு சேசிஸில் வைப்பது நாலு பேர் சேர்ந்தால் நடக்கிற வேலை. பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றில் பாடிதான் சேசிஸ்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மாற்றுவதில் நாள் மிச்சம், அளவு சரியாக இருக்கும் என்ற நிம்மதியும் உண்டு. தோப்பு வண்டியின் சேசிஸ் நேராகத்தான் இருந்தது, பக்கவாட்டுத் தாங்கிகளில் மட்டும் துரு. இதைப் பார்த்துவிட்டு முதலில் நானும் மாற்றத்தான் நினைத்தேன்.

என்னைத் திருப்பியது காகிதம். தோப்பு வண்டிக்கு ஆர்.சி. இல்லை. உரிமையாளர் இறந்து பிள்ளைகள் பங்கு பிரித்தபோது அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. சேசிஸை மாற்றினால் அதை ஆர்.டி.ஓ.விடம் முறையாகப் பதிய வேண்டும். அந்தச் சேசிஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. என் சேசிஸ் நம்பர் தகட்டைப் பிடுங்கி அதில் அடித்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அது குற்றம். அதோடு, பழைய வண்டி வாங்க வருகிறவர் கையில் டார்ச்சோடுதான் வருகிறார். ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு முதலில் சேசிஸ் நம்பரைத்தான் தேடுகிறார். அங்கே சந்தேகம் வந்துவிட்டால், பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய பதிவு நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது, எனக்கு அது குறையில்லை. வேறு வண்டியின் சேசிஸில் உட்கார்ந்த ஹெரால்டு இந்த வாசலில் நுழைவது கஷ்டம். நிமிர்த்திய சேசிஸைப் பழுதுபார்த்தது என்று ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறேன். ஆனால் முடிவு விண்டேஜ் வண்டிகளைப் பார்க்கும் மாநிலக் குழுவின் கையில், நானோ இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

சரி, நிமிர்த்துவது என்று முடிவானதும் யாரிடம் என்ற கேள்வி வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் வைத்துச் சிவக்கச் சுட்டு அடித்தால் அரை நாள் வேலை என்றார்கள். பெட்டி மாதிரி மடித்த தகட்டை அப்படிச் சுட்டால் அந்த இடம் பலம் இழந்துவிடும், அடுத்த குழியில் அங்கேயே மடியும். கிருஷ்ணகிரியில் ஒரு டிங்கர் பாய் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, “வளைஞ்சிருந்தா நிமிர்த்திடலாம் தம்பி. கிழிஞ்சிருந்தா உங்க காச வாங்க மாட்டேன்” என்றார்.

கிழிந்திருக்கிறதா என்று அவர் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயிண்டைச் சுரண்டி, வளைந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸ் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். முன் சஸ்பென்ஷன் தாங்கியின் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு கோடு வந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே நின்றது. அந்தத் தாங்கியும் போல்ட்டில்தான் நிற்கிறது, அதை மட்டும் தோப்பு வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் அளவு. சஸ்பென்ஷன் மாட்டும் நாலு இடத்திலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தார். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 22 மில்லிமீட்டர். தரையில் கொக்கி புதைத்து, சங்கிலி மாட்டி, ஹைட்ராலிக் ஜாக்கால் குளிர்ந்தபடியே இழுத்தார். இழுப்பை விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பிப் போய்விடும். அதனால் தேவைக்கு மேலே கொஞ்சம் இழுத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் தளர்த்தி மறுபடி அளப்பார். இப்படிப் பதினோரு நாள். கடைசியில் 3 மில்லிமீட்டருக்கு வந்தபோது, இதற்கு மேல் இழுத்தால் வேறு இடம் வளையும் என்று நிறுத்திவிட்டார்.

இதில் எனக்கு இன்னும் முழு நிச்சயம் வராத இடம் வண்டியின் பின்பக்கம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி தனித்தனியாக ஆடுபவை, வளைவில் வேகமாகப் போனால் முரண்டு பிடிக்கும் என்று பெயர். நான் இதுவரை ஓட்டியது 1,400 கிலோமீட்டர், அதுவும் ஐம்பதுக்கு மேல் போகாமல். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுப்பதில்லை, முன் டயர் இரண்டும் ஒரே மாதிரி தேய்கின்றன. இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்காத வண்டி, நிமிர்த்திய இடங்களில் துரு எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

சேசிஸில் விரிசல் ஓடியிருந்தாலோ, மாற்றுச் சேசிஸுக்கு முழுக் காகிதம் இருந்தாலோ நான் மாற்றியிருப்பேன். அந்த நிலையில் இருப்பவர் என்னைப் பார்த்து நிமிர்த்தப் போக வேண்டாம்.

தோப்பு வண்டியை முழுசாகத்தான் கொடுப்போம் என்று உரிமையாளரின் பிள்ளைகள் சொன்னதால் 90,000 ரூபாய்க்கு வாங்கினேன். பானெட், டிக்கி மூடி, இடது கதவு, அந்த ஒரு தாங்கி எல்லாம் என் வண்டிக்கு வந்துவிட்டன. சேசிஸ் மட்டும் வீட்டுக்குப் பின்னால், பழைய எஞ்சின் ஆயில் பூசி, செங்கல் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதன் சேசிஸ் நம்பர் தகட்டை யாரும் கழற்றவில்லை.