5 கிலோவாட் விறகுக் கணப்பு அடுப்பு: ஒரு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின் மதிப்பீடு

எஃகுத் தகட்டு உடல், வார்ப்பிரும்புக் கதவு, முன்புறத்தில் வெப்பம் தாங்கும் கண்ணாடி, உட்சுவரில் வெர்மிகுலைட் (வெப்பம் தாங்கும் இலேசான கனிமம்) பலகைகள், 5 கிலோவாட் திறன் என்று, அறையைச் சூடாக்குவதற்காக இப்போது பரவலாக விற்கப்படும் வகையைச் சேர்ந்த அடுப்பு இது. ஒரு குளிர்காலம் முழுவதும் எரித்துப் பார்த்த அளவில், விறகு நன்றாக உலர்ந்திருந்து, தீயும் சுடர்விட்டு எரிந்துகொண்டிருக்கும்வரை இதன் மீது குறை சொல்ல அதிகம் இல்லை. காற்றை அடைத்துத் தீயை இரவு முழுவதும் கனியவிடலாம் என்று இதன் கையேடு சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, சூடேறியதும் எரியக்கூடிய ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறிவிடுகிறது. கரியாக எஞ்சுவது சிறு பகுதிதான். அந்த வாயுக்கள் முழுமையாக எரிய வேண்டுமானால் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், போதுமான காற்றும், இரண்டும் கலப்பதற்குச் சற்று இடமும் அவகாசமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாயுக்கள் எரியாமல் புகையாகத் தப்பிவிடும். புகைபோக்கியிலிருந்து அடர்ந்த புகை வருகிறதென்றால், காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதி வீணாக வெளியேறுகிறது என்றே பொருள். இந்த அடுப்பில், விறகை எரிக்கும் முதல்நிலைக் காற்று போக, வாயுக்களை எரிப்பதற்கான இரண்டாம் நிலைக் காற்று பின்சுவரின் உட்பக்கமாக ஏறி, அங்கேயே சூடாகி, மேற்புறத்தில் வரிசையாக உள்ள சிறு துளைகள் வழியே தீயறைக்குள் வருகிறது. அடுப்பு நன்றாகச் சூடேறியபின் கண்ணாடி வழியே பார்த்தால், விறகைத் தொடாமல் அந்தத் துளைகளின் வாயிலிருந்தே தனித்தனிச் சுடர்கள் கிளம்புவது தெரியும். அப்போது வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பார்த்தேன். வெப்பத்தில் காற்று நெளிவதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

கனியவிடும் முறையில் நிலைமை நேர்மாறு. காற்றுக் கட்டுப்பாட்டு நெம்புகோலைக் கடைசிவரை தள்ளினால் இரண்டு காற்றுவழிகளும் கிட்டத்தட்ட முழுவதும் அடைபட்டுவிடுகின்றன. சுடர் அணைந்துவிட, விறகு மட்டும் புகைந்துகொண்டிருக்கும்; காலையில் கண்ணாடி பழுப்பேறித் தார் படிந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம், ஆனால் அதே தார் புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரிலும் படிந்து இறுகுகிறது. கிரியோசோட் எனப்படும் அந்தப் படிவு என்றேனும் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டக்கூடும். நெம்புகோலின் ஓட்டத்தை முழு அடைப்புக்குச் சற்று முன்பே தடுத்து நிறுத்தும்படி உற்பத்தியாளர் வடிவமைத்திருக்கலாம். அதைச் செய்யாததோடு, கனியவிடுவதை ஒரு வசதியாகவும் கையேட்டில் விளம்பரப்படுத்தியிருப்பது பொறுப்பான செயலாகத் தோன்றவில்லை.

இதை ஒட்டிய இன்னொரு செய்தி, அடுப்பின் அளவு. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய அடுப்பை வாங்குபவர் வெக்கை தாங்காமல் காற்றை அடைக்கவே செய்வார், பிறகு மேலே சொன்னதெல்லாம் நடக்கும். இரண்டு அளவுகளுக்கிடையே தயங்குபவர்கள் சிறியதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

விறகைப் பொறுத்தவரை, அடுப்புடன் ஈரமானி ஒன்றையும் வாங்கிக்கொள்வது அவசியம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 2.26 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது, அதோடு தீயறையும் குளிர்ந்துவிடுகிறது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் இந்த அடுப்பு தன் திறனைக் காட்டுகிறது. உலர்ந்தது என்று சொல்லி விற்கப்பட்ட விறகுக் கட்டை ஒன்றின் வெளிப்பக்கத்தில் மானியின் முட்களை அழுத்தியபோது திருப்தியான எண்ணே வந்தது. அதையே பிளந்து உட்புறத்தில் வைத்தபோது எண் 20-ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. ஆகவே பிளந்த புதுமுகத்தில் அளப்பதே அளவு. பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றாடத் திறந்து வைத்தால் மென்மரங்கள் ஏறத்தாழ ஓராண்டில் பதப்படும். ஓக் போன்ற வன்மரங்களுக்கு இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் ஆகலாம். வர்ணம் பூசிய மரத்தையும், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தையும் எந்த நிலையிலும் எரிக்கக் கூடாது.

பற்றவைப்பதில் கையேடு சரியாகவே வழிகாட்டுகிறது: பெரிய கட்டைகளைக் கீழேயும் சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, உச்சியில் தீயிட வேண்டும். தீ மேலிருந்து கீழே இறங்குவதால், கீழ்க்கட்டைகளிலிருந்து எழும் வாயு எரிந்துகொண்டிருக்கும் சுடரைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் எழும் புகை கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைகிறது. மறுபடி விறகு போடும்போது, தணல் சிவந்திருக்கையிலேயே ஓரிரண்டு கட்டைகளை வைத்து, அவை பற்றும்வரை காற்றை நன்றாகத் திறந்துவிட்டுப் பிறகு படிப்படியாகக் குறைப்பதே நலம். கதவைச் சட்டென்று இழுத்தால் புகை அறைக்குள் பாய்கிறது. முதலில் ஒரு விரற்கடை அளவு திறந்து சற்றுப் பொறுத்தால் பாய்வதில்லை. புகைக்குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானியையும், மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உணரும் எச்சரிக்கைக் கருவியையும் உடன் தராதது ஒரு குறைதான். இரண்டையும் தனியாக வாங்கியாக வேண்டும். குறிப்பாக இரண்டாவது இல்லாமல் எந்த விறகடுப்பையும் மூடிய அறையில் எரிக்கத் துணியக் கூடாது.

பெட்டியின் மேல் ஐரோப்பிய எக்கோடிசைன் விதிகளுக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்த விதிகள், மூடிய விறகடுப்பின் புகையில் துகள்களின் அளவைக் கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அது ஆய்வகத்தில், அளந்து போட்ட உலர்விறகில், வரையறுத்த நிபந்தனைகளில் பெறப்படும் எண். ஈரவிறகு போட்டுக் காற்றை அடைப்பவருக்கு அந்த முத்திரை எந்த உத்தரவாதமும் தராது.

தயாரிப்பின் தரம் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. நெம்புகோலின் பிடி மட்டும் வெறுங்கையால் தொட முடியாதபடி சூடாகிறது, கொடுத்திருக்கும் கையுறையோ மெல்லியது. வெர்மிகுலைட் பலகைகள் மென்மையானவை என்பதால் கட்டையை எறியாமல் வைக்க வேண்டும். சாம்பல் தட்டு ஆழமற்றது. சாம்பலை முழுவதும் அள்ளாமல் தீயறையில் மெல்லிய படுகையாக விட்டால் தணல் நன்றாக நிற்கிறது. அள்ளிய சாம்பலில் நீறு பூத்த கனல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டு வெளியே வைக்க வேண்டும். குளிர்காலத்தின் முடிவில் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தபோது, கீல் பக்கம் இறுக்கமாகவும் தாழ்ப்பாள் பக்கம் தளர்வாகவும் இருந்தது. தாழ்ப்பாளின் திருகைச் சற்று முடுக்கியதும் சரியாகிவிட்டது. தீயறையின் கூரைப் பலகையைக் கருவி எதுவும் இல்லாமலே கழற்றி எடுக்க முடிவதால், ஆண்டுதோறும் புகைபோக்கியைத் துடைக்க வருபவருக்கும் இதில் சிரமம் இருக்காது.