தட்சிணசித்ராவா, சோழமண்டலமா? சின்னப் பிள்ளையோடு போக எது தோது

நாலைந்து வயதுப் பிள்ளையைக் கலை சம்பந்தமான ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக நினைக்கும் சென்னைப் பெற்றோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு இடங்கள் உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதைத் தாண்டிப் போனால் முட்டுக்காட்டில், தென்னிந்திய மரபு வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ரா. ஒரே சாலைதானே என்று இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடத் தோன்றும். வேண்டாம். இரண்டாவது இடத்தில் பிள்ளை தூங்கிவழியும், நாம் தூக்கிக்கொண்டு நடப்போம்.

என் ஓட்டு தட்சிணசித்ராவுக்கு. 1996-இல் திறக்கப்பட்ட இந்த இடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்குள்ள வீடுகளில் பல பழைய மாதிரியில் புதிதாகக் கட்டியவை அல்ல. இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், கதவு, உத்தரம் என்று பிரித்தெடுத்துக் கொண்டுவந்து இங்கே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்களை நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். பிள்ளைக்கோ திண்ணையில் ஏறுவதும் குதிப்பதும்தான் முக்கியம். ஏறட்டும், திண்ணை எதற்கு இருக்கிறது! கடலோர ஆந்திராவின் வட்ட வீட்டை மட்டும் தவறவிடாதீர்கள். புயல் காற்று மூலையில் மோதி நிற்காமல் சுற்றிக்கொண்டு போகத்தான் அந்த வடிவம். மூலையே இல்லாத வீடு என்று சொன்னால் போதும், பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்துவிடும்.

ஆனால் இங்கே வரவேண்டிய உண்மையான காரணம் குயவரின் சக்கரம். சுழலும் ஈரமண்ணில் கை வைத்ததும் அது நழுவும், அமுங்கும், சட்டென்று விரிந்து ஒரு வாயாகும். தன் கை அசைந்ததால்தான் மண்ணும் அசைந்தது என்று பிள்ளைக்குப் புரியும் அந்த நொடியை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் தராது. இதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டியிருக்கும், தயங்காமல் கட்டுங்கள். பானை கோணலாக வந்தால் தயவுசெய்து திருத்தச் சொல்லாதீர்கள். போனதும் நேரே சக்கரத்துக்குப் போய்விடுவது நல்லது. வெயில் ஏறி, பசி வந்த பிறகு மண்ணில் மனம் ஒட்டாது. பதினெட்டு வீடுகளையும் பார்த்தே தீருவேன் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால்தான் இங்கே நாள் கெடும். நான்கு வீடு போதும்.

சோழமண்டலம் வேறு மாதிரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் 1966-இல் தொடங்கிய குடியிருப்பு இது. பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றியது) போன்ற கைவினைப் பொருள்களை விற்று வந்த காசில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். படம் வரைந்து பிழைக்க முடியுமா என்று எப்போதும் கேட்கும் நம் ஊரில், இந்தக் கதையைப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கேட்பது நல்லது என்று நினைக்கிறேன்.

மர நிழலில் நிற்கும் சிற்பங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் மீன், விமானம், பாட்டி என்று பதில் மாறிக்கொண்டே போகும். எதுவும் தப்பில்லை. உள்ளே சென்னை ஓவியர்களின் படைப்புகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அங்கே தொடாதே, ஓடாதே என்று சொல்லிக்கொண்டேயிருக்க வேண்டும். அதிலேயே பாதி மகிழ்ச்சி போய்விடும். பிள்ளை தானே செய்துபார்க்க இங்கே அதிகம் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் முழு நாள் கிடைத்தால் தட்சிணசித்ரா. அரை நாள்தான், அதுவும் உங்கள் பிள்ளை வீட்டுச் சுவரையெல்லாம் வரைந்து நிரப்புகிற ரகம் என்றால், ஒரு நோட்டும் கிரேயானும் எடுத்துக்கொண்டு சோழமண்டலம் போகலாம். செவ்வாய்க்கிழமை என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்று தட்சிணசித்ராவுக்கு விடுமுறை.