பிஎச்பியூனிட்டின் டேட்டா புரொவைடர்: பயன்படுத்திய அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

பிஎச்பி மொழியில் யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்க்கும் சோதனை) எழுத நான் பிஎச்பியூனிட் என்ற கருவியையே நம்பியிருக்கிறேன். ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் டேட்டா புரொவைடர் வசதிதான் அதற்கு முக்கியக் காரணம்.

உள்ளீடுகளை வரிசை வரிசையாகத் தரும் புரொவைடர் மெத்தட் ஸ்டாட்டிக்காகவே (ஆப்ஜெக்ட் உருவாக்காமலே அழைக்கக்கூடியதாக) இருக்க வேண்டும் என்று 2024இல் வந்த 11ஆம் பதிப்பு கட்டாயமாக்கியதை மனதார வரவேற்கிறேன். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் தயாரிப்பு வேலை செய்யும் செட்அப் மெத்தட் ஓடுவதற்கு முன்பே புரொவைடர்கள் ஓடி முடிந்துவிடுவதால், செட்அப்பில் நிரப்பும் வேரியபிளை அங்கே எடுத்தால் முன்பெல்லாம் வெற்று மதிப்புதான் கிடைக்கும். தள்ளுபடிக் கணக்குக்கு நான் எழுதிய டெஸ்ட் ஒன்று, விகிதம் வெறுமையாக இருந்தும், பல வாரங்கள் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, ஓடியது.

ஆனால் ஸ்டாட்டிக் ஆக்கினால் மட்டும் போதாது. வாங்கும் பொருட்களை வைக்கும் ஒரே கூடை ஆப்ஜெக்டை இரண்டு உள்ளீட்டு வரிசைகளில் வைத்தால், முதல் டெஸ்ட் அதில் சேர்த்த பொருள் இரண்டாவதிலும் இருக்கும். இந்த இடத்தில் கருவி எச்சரிப்பதில்லை, அது உண்மையான குறை. வரிசைக்கு வரிசை புதிய ஆப்ஜெக்டையோ, அதை டெஸ்டுக்குள் உருவாக்கித் தரும் குளோஷரையோ (பெயரில்லா ஃபங்ஷன்) கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

வரிசைகளுக்கு ‘காலிக் கூடை’, ‘ஒரே பொருள்’ என்று பெயரிட்டால், டெஸ்ட் தோற்கும்போது அந்தப் பெயரே செய்தியில் வருகிறது. புதிதாகத் தொடங்குவோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.